கனமும் தெளிவும்

கோயம்புத்தூர் உக்கடம் பஸ் நிலையத்தில் பத்து நிமிஷம் நின்றால் போதும். நம் ஜனங்களின் சங்கீத ரசனை எப்படி இருக்கிறது என்று ஒருவாறு ஊகித்துவிடலாம். அதற்காகச் சபாவுக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. பொள்ளாச்சிப் பக்கம் போகிற தனியார் பஸ் ஒன்று புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருக்கும். உள்ளே இளையராஜாவின் பாட்டு ஒன்று ஓடும். ஓடுகிறது என்பதைவிட நடக்கிறது என்பதே பொருத்தம். அது ஆசனத்தின் அடியில் நடந்து வருவது முதுகெலும்பில் தெரியும். ஜன்னல் கண்ணாடி கூடவே தாளம் போடும். பாடுகிறவர் ஆணா பெண்ணா என்பது மட்டும் குறிச்சி தாண்டின பிறகுதான் நிச்சயமாகும்.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பஸ்ஸில் ஏறுவதற்காகவே முன்னால் நிற்கிற பஸ்ஸை விட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

நான் சொல்ல வந்தது பஸ்ஸைப் பற்றி அல்ல. பஸ்ஸுக்கு வெளியே நடந்த ஒரு சிறிய வியாபாரத்தைப் பற்றி. 2024-இல் திறந்த மேம்பாலம் இப்போது உக்கடத்தின் தலைக்கு மேலே ஆத்துப்பாலம் பக்கம் போகிறது. கீழே, பழைய உக்கடம் பழையபடியே இரைந்துகொண்டிருக்கிறது. அங்கே ஒரு சிறிய கடையில் ஹெட்செட்டுகள் புடலங்காய்ப் பந்தல் மாதிரி வரிசையாகத் தொங்கின. முன்னூறு ரூபாய்க்குள் நல்லதாக ஒன்று வேண்டும் என்றேன். கடைக்காரப் பையன் யோசிக்கவே இல்லை.

“இதை எடுத்துக்குங்கண்ணா. பாஸு நெஞ்சுல வந்து அடிக்குமுங்க.”

“தெளிவாக இருக்குமா, தம்பி?”

“ஏனுங்ண்ணா, பாஸு நல்லா இருந்தாக் கிளியராத்தானுங்க இருக்கும்!”

அந்தப் பையன் சொன்ன கடைசி வாக்கியத்தைத்தான் இந்தக் கட்டுரையில் விமரிசனம் செய்ய உத்தேசம். புத்தகங்களை மட்டும் விமரிசிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டுவிடவில்லை. மேலும், லட்சக்கணக்கான பேர் நாள்தோறும் நாலைந்து மணி நேரம் காதில் மாட்டிக்கொண்டு திரிகிற ஒரு பொருளைவிட, நூற்றுக்கணக்கில் அச்சாகும் நாவல் அதிக முக்கியமானது என்று வாதாட எனக்குத் தைரியம் இல்லை.

அன்று நான் வாங்கியது எனக்காக அல்ல, என் பெரியப்பாவுக்காக. அவருக்கு எண்பது வயது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஓர் ஆலையில் முப்பத்தைந்து வருஷம் தறி ஓட்டியவர். கோவைக்கு ஆலை என்பது கோயிலைப் போல. 1888-இல் முதல் நூற்பாலை வந்தது. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்ததும் திரும்பின இடமெல்லாம் புகைபோக்கி. எங்கள் குடும்பங்களில் பாதி அந்தச் சங்குச் சத்தத்துக்குத்தான் எழுந்து, அந்தச் சங்குச் சத்தத்துக்குத்தான் உண்டு உறங்கியது. பெரியப்பாவுக்கு அந்த ஆலை கொடுத்தவை பல: ஓட்டு வீடு, மகளின் கல்யாணம், மகனின் படிப்பு. எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. அது காது.

முழுச் செவிடு அல்ல. அப்படி ஆகியிருந்தால் அவருக்கு அது ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்திருக்கும். “சத்தமெல்லாம் கேக்குது கண்ணு. என்ன சொல்றாங்கன்னுதான் தெரியலே” என்பார். கேட்கிறவர்கள் அதை வயோதிகப் பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் சொல்வது அட்சரம் பிசகாத வாஸ்தவம் என்பது எனக்கே சமீபத்தில்தான் புரிந்தது.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. சிறு வயதில் விடிய விடிய உட்கார்ந்து கேட்ட அண்ணன்மார் கதையை இன்னொரு தரம் கேட்க வேண்டும். பொன்னர் சங்கர் கதை என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு விளங்கும். கொங்கு நாட்டுக்கு அதுதான் பாரதம். உடுக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பல இரவுகள் தொடர்ந்து பாடுவார்கள். 1965-இல் பிரெண்டா பெக் என்ற அம்மையார் இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்துகொண்டு அந்தக் கதையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். இப்போதோ கதைப் பாட்டெல்லாம் செல்போனிலேயே கிடைக்கிறது. பெரியப்பாவின் பேரன் தேடி எடுத்துக் கொடுத்தான். ஹெட்செட் மட்டும் நான் வாங்கிக் கொடுப்பதாக ஏற்றுக்கொண்டேன். அதற்காகத்தான் உக்கடம்.

மாட்டிவிட்டேன். பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கழற்றிச் சுருட்டி, வெற்றிலைப் பெட்டியின் மேலே வைத்தார். “நல்லாத்தான் இருக்குது” என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் அதைத் தொடவே இல்லை. நான் கொடுத்தது என்பதால் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஓர் ஆசிரியரின் முகத்துக்கு நேரே அவருடைய புத்தகத்தைப் புகழ்கிற நண்பர்கள் எப்படிப் புகழ்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதே குரல்தான்.

நான் எடுத்து என் காதில் மாட்டிப் பார்த்தேன். கடைக்காரப் பையன் பொய் சொல்லவில்லை, அடித்தது. உடுக்கை ஒவ்வொரு முறையும் ‘டும்’ என்று குதித்தது. ஆனால் உடுக்கைக்கு ‘டும்’ மட்டுமா உண்டு? கயிற்றை அழுத்தி விடும்போது அது குழைந்து மேலேறும், கேள்வி கேட்கும், விம்மும். அந்தக் குழைவைக் காணோம். பாடுகிறவரின் வார்த்தைகள் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தன. நல்ல காது உள்ள எனக்கே கதையில் யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று பிடிபடவில்லை. பெரியப்பாவுக்கு என்ன கேட்டிருக்கும்?

இந்த இடத்தில் கொஞ்சம் சாஸ்திரம் பேச வேண்டியிருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மனிதக் காது ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும். 250-க்குக் கீழே இருப்பதைத்தான் பாஸ் என்கிறோம். மிருதங்கத்தின் இடது பக்கம், தவிலின் கனமான அடி, பஸ்ஸில் முதுகெலும்பைத் தொடுவது எல்லாம் அங்கே குடியிருக்கின்றன. பேச்சின் நாதமும் பெரும்பாலும் கீழேதான் பிறக்கிறது. ஆனால் பேச்சின் அர்த்தம் மேலே இருக்கிறது. ‘ச’வையும் ‘த’வையும், ‘ப’வையும் ‘க’வையும் பிரித்துக் காட்டுகிற நுட்பமான சலசலப்பு 2,000, 3,000, 4,000 என்ற உயரத்தில் நிகழ்கிறது. உயிரெழுத்துகள் பலமானவை, கீழே நின்று தாங்குகின்றன. மெய்யெழுத்துகள் மெலிந்தவை, ஆனால் சொல்லைச் சொல்லாக்குவது அவைதான்.

ஆலை இரைச்சல் காதைக் கெடுக்கும்போது முதலில் எதைத் தின்கிறது தெரியுமா? சரியாக அந்த 4,000-ஐச் சுற்றியுள்ள இடத்தைத்தான். வைத்தியர்கள் வரைகிற படத்தில் அங்கே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கீழ் ஓசைகள் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆகவே சத்தம் கேட்கும், சொல் விளங்காது. பெரியப்பா பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அவருக்கு நான் என்ன வாங்கிக் கொடுத்தேன்? ஏற்கெனவே கேட்கிறதை இன்னும் பலமாகக் கேட்க வைக்கிற கருவி. போதாக்குறைக்கு, பலமான கீழ் ஓசை தனக்கு மேலே உள்ள மெல்லிய ஓசைகளை மறைத்துவிடும் என்பது காதின் இயல்பு. பசியோடு வந்தவனுக்குத் தண்ணீர்ச் செம்பை நிரப்பி நிரப்பிக் கொடுத்த கதைதான்.

அப்படியானால் பாஸ் கெட்டதா? அப்படிச் சொன்னால் அது விமரிசனம் ஆகாது. வெறும் வயதின் முணுமுணுப்பு ஆகிவிடும். நம் முன்னோர்கள் பாஸை எவ்வளவு கவனமாகச் சம்பாதித்தார்கள் என்று பாருங்கள். மிருதங்க வித்வான் கச்சேரிக்குச் சற்று முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புகிறார். அந்தக் கனம் ஏறினால்தான் இடது பக்கத்துக்குக் கும்கி வரும். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார். வலந்தலையிலோ கரணை நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறது. சர் சி. வி. ராமன் 1920-இலும் பிறகு 1934-இலும் இதை ஆராய்ந்து எழுதினார். சாதாரணத் தோல் வாத்தியத்தில் முறையில்லாமல் சிதறுகிற மேல் ஓசைகள், கரணையின் கனத்தால் ஸ்வரத்துக்கு அடங்கிய வரிசையில் வந்து நிற்கின்றன என்று காட்டினார். ஒரே கருவியில் ஒரு பக்கம் கனம், மறு பக்கம் தெளிவு. இரண்டும் ஒரே ஆளின் இரண்டு கைகள். தொப்பி எழும்பிக்கொண்டு வலந்தலையை அமுக்கினால் நம் ரஸிகர்கள் மன்னிப்பார்களா? மலிவு ஹெட்செட்டில் மட்டும் ஏன் மன்னிக்கிறோம்?

இதற்கும் நியாயமான காரணம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். ஹெட்செட் வாங்குகிற இளைஞன் அதைப் பூஜை அறையில் உட்கார்ந்து கேட்பதில்லை. பஸ்ஸில் கேட்கிறான். எஞ்சினும் சக்கரமும் எழுப்புகிற இரைச்சல் பெரும்பாலும் கீழ் ஓசை. அது பாட்டின் கீழ் ஓசையைத்தான் முதலில் விழுங்குகிறது. மேலும், 1933-இலேயே அமெரிக்காவில் பிளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து காட்டினார்கள்: சத்தம் குறையக் குறைய நம் காது கீழ் ஓசையைக் கேட்பதில் மந்தமாகிறது. ஆகவே மெதுவாக வைத்துக் கேட்டால் பாட்டு சோகை பிடித்தாற்போல் இருக்கும். ‘பாஸ் வேண்டும்’ என்று பையன்கள் கேட்பது கெட்ட ரசனை அல்ல. ஊரின் இரைச்சலுக்கு அவர்கள் சொல்லும் பதில். ஷான் ஆலிவ் என்ற ஆராய்ச்சிக்காரரும் அவருடைய சகாக்களும் 2012 முதல் பல வருஷம் பலரை உட்கார வைத்துக் கேட்கச் செய்து பார்த்தார்கள். பெரும்பாலோர் விரும்பியது, நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி கேட்பது போன்ற ஓசை. கீழ்ப் பக்கம் கொஞ்சம் எழும்பியிருக்கலாம். இன்னும் அதிக பாஸ் கேட்டவர்கள் ஒரு சிறு கூட்டம். குறைவாகக் கேட்டவர்கள் இன்னொரு கூட்டம். அவர்களில் ஐம்பது வயது தாண்டினவர்கள் அதிகம். ‘கொஞ்சம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சமையலில் உப்பு போடுகிறவர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும்.

நம் கதைகளிலும் இந்த வியாதி உண்டு என்று சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு பக்கத்துக்கு மூன்று முறை நெஞ்சு வெடிக்கிறது, இடி இடிக்கிறது, கதாநாயகி தூணைப் பிடித்துக்கொண்டு விம்முகிறாள். எல்லாம் நெஞ்சில் வந்து அடிக்கத்தான் செய்கிறது. புத்தகத்தை மூடியபின் அவள் எதற்காக விம்மினாள் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை. மெய்யெழுத்துகள் போய்விட்டன. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அதனால்தான் அந்த ஹெட்செட் எனக்குப் பரிச்சயமான ஆசாமியாகத் தோன்றியது.

சரி, காசு அதிகம் கொடுத்தால் தெளிவு கிடைத்துவிடுமா? எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. ஏழைக்குச் சத்தம், பணக்காரனுக்கு சங்கீதம் என்று உலகம் ஏற்பாடாகியிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். 2017-இல் ஜெரோன் பிரேபார்ட் என்பவர் 283 ஹெட்போன்களின் அளவுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த ஓசையை எவ்வளவு பலமாகக் கொடுக்கிறது என்பதற்கும் விலைக்கும் சம்பந்தமே தென்படவில்லை என்று எழுதினார். விலை உயர உயர உறுதி கூடலாம், பெட்டி பளபளக்கலாம், கம்பி இல்லாமல் ஆகலாம். காதுக்கு வருகிற ஓசையின் சமநிலை மட்டும் விலைச்சீட்டுக்குக் கட்டுப்படுவதில்லை. இதைப் படித்ததும் எனக்கு உண்டான சந்தோஷம், சொந்தக்காரர் ஒருவர் பரீட்சையில் தேறினால் உண்டாகிற சந்தோஷம். 1910-இல் நதானியல் பால்ட்வின் என்ற அமெரிக்கர் தம் வீட்டுச் சமையலறையில் கையாலேயே செய்த ஹெட்போனைத்தான் அந்த நாட்டுக் கடற்படை வாங்கியது. சமையலறையில் பிறந்த பொருளுக்கு அரண்மனை விலை எதற்கு?

மறுபடியும் உக்கடம் போனேன். இந்தத் தடவை செல்போனில் அண்ணன்மார் கதையையே எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரப் பையன் முகம் சுளிக்கவில்லை. “எல்லாத்தையும் போட்டுப் பாருங்கண்ணா, காசா பணமா” என்று ஆறு ஹெட்செட்டுகளை எடுத்துப் போட்டான். அன்றைய பரீட்சையில் நான் கற்றுக்கொண்டதை மற்றவர்களுக்கும் உபயோகப்படட்டும் என்று சொல்கிறேன்.

முதலில் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்க வேண்டும். பலமாக வைத்தால் எல்லா ஹெட்செட்டும் பிரமாதம்தான். மேடையில் எல்லோரும் உத்தமர்களாக இருப்பது போல. குறைந்த சத்தத்தில் சொல் விளங்குகிறதா என்பதே கேள்வி. இரண்டாவது, நமக்கு மனப்பாடமான குரல் ஒன்றைப் போட வேண்டும்; புதுப் பாட்டைப் போட்டால் பாட்டை ரசிப்போமே தவிர கருவியைச் சோதிக்க மாட்டோம். லகர ளகர ழகரம் பிரிந்து கேட்டால் பாதி தேறியது. மூன்றாவது, தாள வாத்தியம் அடித்த பிறகு ஓசை உடனே நிற்கிறதா, அல்லது விருந்து முடிந்தும் போகாத விருந்தாளியைப் போல் தங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தங்குகிற ஓசைதான் அடுத்த சொல்லை விழுங்குகிறது.

நான்காவது விஷயம் எனக்கே ஆச்சரியம் தந்தது. பெட்டிக்குள் சிறிது, நடுத்தரம், பெரிது என்று ரப்பர்கள் வைத்திருப்பார்கள். பெரும்பாலோர் மாட்டியிருப்பதோடு விட்டுவிட்டு மற்றவற்றைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். காது ஓட்டைக்கும் ரப்பருக்கும் இடையே துளி சந்து இருந்தாலும் முதலில் ஓடிப்போவது பாஸ்தான். சரியான ரப்பரை மாட்டினால் போன பாஸ் காசில்லாமல் திரும்பி வரும். பஸ்ஸின் இரைச்சலும் பாதி வெளியே நிற்கும். ‘பாஸ் பத்தவில்லை’ என்று புது ஹெட்செட் வாங்க ஓடுகிறவர்களில் பலருக்கு வேண்டியது இந்தச் சிறிய ரப்பர்தான். கனமும் தெளிவும் சேர்ந்து கிடைக்க, குறைந்த செலவில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆறில் ஒன்று தேறியது. முதலில் வாங்கியதைவிட அறுபது ரூபாய்தான் அதிகம். பெட்டியில் இடி மின்னல் படம் எதுவும் இல்லை. “இது அவ்வளவா போகாதுங்ண்ணா” என்றான் பையன். பதிப்பாளர்கள் சில புத்தகங்களைப் பற்றிச் சொல்வதும் இதே வார்த்தைதான்.

வீட்டுக்கு வந்ததும் பேரன் ஒரு வேலை செய்தான். போனுக்குள் இருக்கிற ‘ஈக்வலைஸர்’ என்ற ஏற்பாட்டில் கீழ் ஓசையைச் சற்றே இறக்கி, 2,000-லிருந்து 4,000 வரை கொஞ்சம் ஏற்றினான். “அப்பாரு, இப்பக் கேளுங்க” என்று மாட்டிவிட்டான். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பிறகு கண்ணைத் திறக்காமலே, தமக்குத்தாமே பேசுகிற குரலில், “தங்காள் அழுகறா” என்றார்.

எல்லாம் கேட்டுவிட்டது என்று சொல்லி இந்தக் கட்டுரையை முடித்தால் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. பத்து வார்த்தைகளில் ஐந்தாறுதான் பிடிபடுகின்றன என்றார். மிச்சத்தைப் பழைய ஞாபகத்திலிருந்து நிரப்பிக்கொள்கிறார். காது வைத்தியர் படம் வரைந்து பார்த்து, செவிக்கருவிதான் சரி என்று சொல்லிவிட்டார். பள்ளம் இருந்த இடத்தைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். முன்னூற்றுச் சொச்ச ரூபாய் ஹெட்செட் அந்தப் பள்ளத்தைத் தூர்க்காது.

திரும்பி வருகிற வழியில், உக்கடம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரன் தன்னுடைய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான். பஸ்ஸின் பாட்டையும் எஞ்சினையும் மீறி, அவன் காதிலிருந்து கசிகிற ‘டும் டும்’ எனக்குக் கேட்டது. நம் நாட்டில் தொழிற்சாலைகளுக்கு வைத்திருக்கிற எல்லை, நாளைக்கு எட்டு மணி நேரம் 90 டெசிபெல். உலக சுகாதார ஸ்தாபனமோ பாட்டுக் கேட்கிறவர்களுக்கு 80 டெசிபெலானால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 ஆனால் வாரத்துக்கே 4 மணி நேரம்தான் என்று கணக்குச் சொல்கிறது. ஆலையில் ஒரு நாளில் பாதி வேலைக்கு ஆகிற இரைச்சலை வாரம் முழுவதற்கும் போதும் என்கிறார்கள்.

அவன் தோளைத் தட்டினேன். கழற்றினான்.

“என்னங்க சித்தப்பா?”

“அப்பாருக்குக் காது போனது கூலிக்காக. நீ காசு கொடுத்துப் போக்கிக்கொள்கிறாயே!”

சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பெரியகுளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி மாட்டிக்கொண்டான். இந்தத் தடவை எனக்கு எதுவும் கேட்கவில்லை. குறைத்து வைத்தானா, அல்லது பஸ்ஸின் பாட்டு அதை அமுக்கிவிட்டதா என்று நிச்சயமாகச் சொல்வதற்கில்லை.